கொவிட் வைரஸை உங்கள் போனிலேயே அணு அணுவாகப் பார்ப்பது எப்படி

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள், கொவிட் காலத்தில் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த செய்திகளில் எதை நம்புவது எதை விடுவது என்று தவித்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மட்டக்களப்பில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிற ஆள். அந்த வைரஸின் முக்கியமான புரதங்கள் எப்படி இருக்கின்றன, எந்த அணு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் 2020 இலேயே பொதுவெளியில் வைக்கப்பட்டுவிட்டது, தடுப்பூசியும் மருந்தும் செய்தவர்கள் திறந்து பார்த்த அதே கோப்புகளை ஏறாவூரில் இருந்தோ அக்கரைப்பற்றில் இருந்தோ நாமும் காசில்லாமல் திறக்கலாம். இது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை.

தேவையானது ஒரு போன், கொஞ்சம் டேட்டா. கொம்பியூட்டர் இருந்தால் இன்னும் நல்லது, மவுஸால் திருப்பிப் பார்ப்பது சுகம். கூகிளில் ஆர்சிஎஸ்பி பிடிபி என்று தேடுங்கள், புரோட்டீன் டேட்டா பாங்க் என்ற தளம் வரும். 1971 இல் வெறும் 7 புரத அமைப்புகளோடு தொடங்கிய களஞ்சியம் அது, இப்போது இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்கிறது. பதிவு செய்யவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை. ஒவ்வொரு அமைப்புக்கும் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. நான் கீழே குறியீடுகளைத் தமிழில் ஒலியாக எழுதுகிறேன், நீங்கள் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தாக, இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

முதலில் திறக்க வேண்டியது 6-எம்-0-ஜே. (மூன்றாவது இடத்தில் இருப்பது பூச்சியம், ஓ அல்ல. இதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்குப்படுகிறார்கள்.) சின்னக் கோப்பு, பழைய போனிலும் திறக்கும். பக்கம் வந்ததும் இடப்பக்கப் படத்துக்குக் கீழே ஸ்ட்ரக்சர் என்று ஓர் இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். சுருளும் நாடாவுமாக ஓர் உருவம் திரையில் வரும். ஒரு விரலால் இழுத்தால் சுழலும், இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகும். கொஞ்ச நேரம் சும்மா திருப்பிப் பாருங்கள், அவசரப்பட வேண்டாம்.

அங்கே இரண்டு நிறத்தில் இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பெரியது நம்முடையது. ஏசிஈ2 என்று பெயர், நுரையீரல், குடல் முதலிய இடங்களில் கலங்களின் மேற்பரப்பில் இருக்கிற புரதம், அதன் சொந்த வேலை இரத்த அழுத்தத்தோடு தொடர்பான ஒன்று. சின்னது வைரஸினுடையது, வைரஸின் மேலே முள்ளுப்போல நீட்டிக்கொண்டு நிற்கிற ஸ்பைக் புரதத்தில் நம் கலத்தைப் பிடிக்கிற பகுதி மட்டும். முழு ஸ்பைக்கில் 1273 அமினோ அமிலங்கள் (புரதம் என்ற மாலையில் கோத்த மணிகள்) இருக்க, இந்தக் கோப்பில் 333 இலிருந்து 526 வரைதான் காட்டப்படுகிறது. உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிவைத்த தொற்றின் முதல் அடி இந்த இரண்டும் தொடுகிற இடத்தில்தான் நடக்கிறது.

சரி, இப்போது கிட்டப் போவோம். திரைக்கு மேலே அமினோ அமிலங்களின் வரிசை எழுத்து எழுத்தாக ஓடும். அதில் ஈ என்ற சங்கிலியைத் தெரிவு செய்யுங்கள், அதுதான் வைரஸ். 417 ஐத் தேடி அழுத்துங்கள். படம் தானாக அந்த இடத்துக்குப் போய், சுற்றியுள்ள அணுக்களைக் குச்சிகளாகக் காட்டும், இடையிலே புள்ளிக் கோடுகள் தெரியும். 417 இல் இருப்பது லைசீன், நேரேற்றம் கொண்டது. எதிரே நம் ஏசிஈ2 இல் 30 ஆவது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம், மறையேற்றம் கொண்டது. இரண்டுக்கும் இடைவெளி 3 அங்ஸ்ட்ரம் அளவில்தான், அதாவது ஒரு மீற்றரை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் வருகிற துண்டில் மூன்று. நேரும் மறையும் இழுக்கும் என்று இரசாயனவியல் பாடத்தில் எழுதிப் பாடமாக்கியது இங்கே ஒரு பெருந்தொற்றின் பிடியாக நிற்கிறது. எனக்கு இந்த ஒரு படத்தை வைத்தே ஒரு பாடவேளை போய்விடும், பிள்ளைகளும் விடமாட்டார்கள்.

அடுத்து 501 ஐ அழுத்துங்கள். அஸ்பராஜின். அதன் அருகே ஏசிஈ2 இன் 41 ஆவது டைரோசீனும் 353 ஆவது லைசீனும் நிற்கும். இந்த 501 இல் அஸ்பராஜின் போய் டைரோசீன் வந்ததுதான் அல்பா, பீட்டா, காமா, பிறகு ஒமிக்ரோன் எல்லாவற்றிலும் பொதுவாகக் காணப்பட்ட விகாரம். டைரோசீனுக்கு ஒரு வளையம் உண்டு, அது எதிரே இருக்கிற 41 ஆவது டைரோசீனின் வளையத்தோடு நெருங்கி நிற்கும், பிடி இறுகும். வெவ்வேறு நாடுகளில் தனித்தனியாகத் தோன்றிய வகைகள் ஒரே இடத்தில் ஒரே மாற்றத்துக்கு வந்து சேர்ந்தன என்றால் இயற்கைத் தேர்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் கூட இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நீங்கள் பார்ப்பது கமராவில் எடுத்த படம் இல்லை. 6-எம்-0-ஜே பளிங்காக்கிய புரதத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறிய விதத்தைக் கணக்கிட்டு அணுக்களின் இடத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிரிதிறன், அதாவது எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்ற அளவு, 2.45 அங்ஸ்ட்ரம். நிறங்கள் நமக்காகப் பூசியவை. ஆடிக்கொண்டே இருக்கிற பகுதிகள் சில கோப்புகளில் தெரியாது, அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், அதை வைரஸில் ஓட்டை இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது.

இப்போது முழு ஸ்பைக்குக்குப் போகலாம், இது பெரிய கோப்பு, வைஃபை இருந்தால் நல்லது. முதலில் 6-வி-எக்ஸ்-எக்ஸ். மூன்று சங்கிலிகள் ஒன்றை ஒன்று சுற்றிப் பின்னி நிற்பதைக் காண்பீர்கள், பிடிக்கிற பகுதிகள் மூன்றும் மேலே மடங்கிப் படுத்திருக்கும். பிறகு 6-வி-எஸ்-பி ஐத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதிலே மூன்றில் ஒன்று எழுந்து நிற்கும். எழுந்து நின்றால்தான் ஏசிஈ2 ஐப் பிடிக்க முடியும். படுத்திருக்கும்போது நம் உடல் செய்கிற பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) சிலவற்றுக்கு அந்த இடம் எட்டாது. ஸ்பைக்கைச் சுற்றி நீலச் சதுரக் கட்டிகளும் தெரியும், அவை வெல்லங்கள், அதாவது சீனி மூலக்கூறுகள். நம் கலமே வைரஸ் புரதத்தின் மேல் ஒட்டிவிடுகிற வெல்லங்கள்தான், ஒவ்வொரு சங்கிலியிலும் இவற்றுக்கு 22 இடங்கள் உண்டு, வைரஸ் அவற்றுக்குள் மறைந்துகொள்கிறது. நம்முடைய சரக்கையே போர்த்திக்கொண்டு நம் நோயெதிர்ப்புத் தொகுதிக்கு ஒளித்து நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். இந்த இரண்டு கோப்பும் கிரையோ இலத்திரன் நுணுக்குக்காட்டியால் எடுத்தவை. அந்த நுட்பத்துக்கு 2017 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது, மூன்றே ஆண்டில் உலகம் அதை அவசரமாகத் தேடவேண்டி வந்தது.

6-வி-எஸ்-பி இல் 986, 987 இரண்டையும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் புரோலீன். ஆனால் இயற்கையான வைரஸில் அங்கே லைசீனும் வலைனும்தான் இருக்கின்றன. ஸ்பைக் நம் கலத்தோடு இணையும்போது வடிவம் மாறி நீண்டுவிடும், அந்த நீண்ட வடிவத்தைக் காட்டி உடலைப் பழக்கினால் அவ்வளவு பிரயோசனம் இல்லை, இணைவதற்கு முந்திய வடிவத்தைத்தான் காட்டவேண்டும். புரோலீன் வளைந்து கொடுக்காத அமினோ அமிலம், அதனால் இரண்டு புரோலீனை அந்த இடத்தில் வைத்தால் புரதம் மாறாமல் நிற்கிறது. இந்த உபாயம் கொவிட் வைரஸுக்கு உறவான மெர்ஸ் வைரஸில் வேலை செய்த ஆய்வாளர்களிடம் முன்பே இருந்தது. ஜேசன் மக்லெலன், பார்னி கிரகாம், கிஸ்மேகியா கோர்பெட் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து 2020 பெப்ரவரியில் இந்த அமைப்பை வெளியிட்டன. பைசர், மொடர்னா இரண்டு தடுப்பூசியும் இந்த இரு புரோலீன் கொண்ட ஸ்பைக்கைச் செய்வதற்கான குறிப்பைத்தான் எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறாகக் கொண்டுவருகின்றன. நம்மில் பலர் முதலில் போட்டது சினோபார்ம், அது செயலிழக்கச் செய்த முழு வைரஸ், வேறு வழி. கொவிஷீல்டில் ஸ்பைக்கின் மரபணு இருக்கிறது, ஆனால் புரோலீன் மாற்றம் இல்லை. எதைப் போட்டீர்கள் என்று கையில் இருக்கிற அட்டையைப் பார்த்து, அது உடலுக்கு எதைக் காட்டியது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நல்ல பயிற்சி.

எம்ஆர்என்ஏ நம் பரம்பரையலகை மாற்றிவிடும் என்ற பேச்சு இன்றும் ஊரில் இருக்கிறது. எம்ஆர்என்ஏ கலத்தின் குழியவுருவில் புரதம் செய்கிற இறைபோசோமால் வாசிக்கப்பட்டுப் பிறகு உடைந்து போகிறது, கலத்தின் கருவுக்குள் போய் டிஎன்ஏ உடன் சேர்வதற்கான நொதியத்தை அந்த ஊசி கொண்டுவருவதில்லை. எம்ஆர்என்ஏயின் எழுத்துகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதிலாக மாற்றிய ஒன்றை வைத்தால் உடல் அதை அந்நியமாகக் கண்டு கொந்தளிப்பதில்லை என்று கண்டதற்காகக் கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023 இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். என்சிபிஐ என்ற அமெரிக்க மரபணுத் தரவுத் தளத்தில் நியூக்கிளியோடைட்டு என்ற பகுதியைத் தெரிவு செய்து என்-சி-_-045512 என்று தேடுங்கள். வைரஸின் முழு மரபணுத்தொகுதி, 29,903 எழுத்துகள், ஒன்று விடாமல் வரும். சீனாவில் ஷாங் யொங்சென் குழு கண்டறிந்த இந்த வரிசை 2020 ஜனவரி 11 அளவில் பகிரங்கமாக வெளியானது. அடுத்த சில நாட்களிலேயே தடுப்பூசியின் வரைபை எழுதத் தொடங்கிவிட்டார்கள், மார்ச் 16 ஆம் திகதி மொடர்னாவின் முதல் பரிசோதனை ஊசி ஒரு மனிதருக்குப் போடப்பட்டது. பக்கத்தில் கீழே இறங்கினால் ஒரு வரிக்கு 60 எழுத்து, பத்துப் பத்தாகக் கட்டுக் கட்டாக இருக்கும், வரியின் தொடக்கத்தில் இலக்கம் இருக்கும். ஸ்பைக் தொடங்குவது 21,563 ஆவது எழுத்தில். ஆகவே 21541 என்று தொடங்குகிற வரிக்குப் போய், மூன்றாவது கட்டில் மூன்றாவது எழுத்தில் இருந்து மும்மூன்றாகப் பிரியுங்கள். இது ஆர்என்ஏ வைரஸ்தான், ஆனால் தளத்தில் யூவுக்குப் பதில் டீ என்று எழுதுவது வழக்கம். ஏடிஜி, டிடிடி, ஜிடிடி, டிடிடி, சிடிடி என்று போகும். எந்த மூன்று எழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்று காட்டுகிற கோடோன் அட்டவணையை எடுத்து வைத்துப் பாருங்கள்: மெதியோனைன், பினைல்அலனைன், வலைன், மறுபடி பினைல்அலனைன், லியூசீன். அட்டவணையைப் பரீட்சைக்காக மட்டும் பார்த்த பிள்ளை, நிஜ வைரஸின் புரதத்தைத் தானே வாசித்து எடுக்கிறபோது முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும்.

சரி, 501 எங்கே? ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மூன்று எழுத்து, முன்னால் 500 அமினோ அமிலங்கள், ஆகவே 21,563 உடன் 1,500 ஐக் கூட்டினால் 23,063. 23041 என்று தொடங்கும் வரி, மறுபடியும் மூன்றாவது கட்டு, மூன்றாவது எழுத்து. ஏஏடி என்று இருக்கும், அஸ்பராஜின். அந்த முதல் ஏ, டீயாக மாறினால் டிஏடி, டைரோசீன். கிட்டத்தட்ட முப்பதாயிரம் எழுத்தில் ஒரே ஓர் எழுத்து. அல்பா, டெல்டா என்று செய்தியில் கேட்டுப் பயந்தோமே, அது இப்படியான எழுத்து மாற்றங்களின் கூட்டம்தான். நம் நாட்டில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மாலவிகேயின் குழு நோயாளிகளின் மாதிரிகளை இப்படி வாசித்துத்தான் எந்த வகை பரவுகிறது என்று சொன்னது, 2021 நடுப்பகுதியில் டெல்டா வந்ததும் அப்படித்தான் தெரிந்தது.

நேரம் இருந்தால் புரத வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கிற யூனிப்ரொட் தளத்தில் பி-0-டி-டி-சி-2 ஐயும் பி-59594 ஐயும் எடுத்து அலைன் என்ற கருவியால் பொருத்திப் பாருங்கள். முதலாவது கொவிட் ஸ்பைக், இரண்டாவது 2003 சார்ஸ் வைரஸின் ஸ்பைக். ஏறத்தாழ 76 சதவீதம் ஒத்துப்போகும்.

மருந்துக்கு வருவோம், இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 6-எல்-யூ-7 ஐத் திறந்தால் வைரஸின் பிரதான புரோட்டியேஸ் நொதியம் வரும், 2020 பெப்ரவரி தொடக்கத்திலேயே வெளியானது. வைரஸ் தன் புரதங்களில் பலவற்றை ஒரே நீள நாடாவாகச் செய்துவிட்டு, பிறகு இந்த நொதியத்தால் துண்டு துண்டாக வெட்டும். வெட்டாவிட்டால் வைரஸ் பெருகாது. 41 இல் ஹிஸ்டிடீன், 145 இல் சிஸ்டீன், வெட்டுகிற வேலையைச் செய்வது இந்த இரண்டும். பிறகு 7-வி-எச்-8 ஐத் திறந்து 145 ஐ அழுத்துங்கள்: பக்ஸ்லோவிட் மாத்திரையில் இருக்கிற நிர்மாட்ரெல்விர் மூலக்கூறு சிஸ்டீனின் கந்தக அணுவோடு பங்கீட்டுவலுப் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கும். நொதியத்தின் தொழிற்படு மையத்தை அடைப்பது என்று குறிப்பெடுத்த வசனத்துக்கு இதுதான் உருவம். எங்கே பிடித்தால் வைரஸ் நிற்கும் என்று ஓர் இடத்தைக் குறிப்பாகத் தெரிந்தால்தான் மருந்து. 2020 டிசெம்பரில் கொவிட்டுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட பாணியை வாங்கக் கேகாலைக்கு ஆயிரக்கணக்கில் சனம் போனபோது, இது வைரஸின் எந்தப் புரதத்தில் எங்கே ஒட்டும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன்.

இன்னொன்றையும் எழுதாமல் விடமுடியாது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு 2021 மார்ச்சில் இருந்து நாட்டின் எல்லாப் பகுதியில் இருந்தும் ஜனாசாக்கள், அதாவது கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், அடக்கம் செய்யக் கொண்டுவரப்பட்டன. அதற்கு முன் ஏறத்தாழ ஒரு வருடம் அடக்கம் செய்யவே அனுமதி இல்லை, எரித்தார்கள், நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. இந்தக் கட்டுரையில் பார்த்ததை வைத்தே யோசியுங்கள்: இந்த வைரஸுக்குச் சொந்தமாக இறைபோசோம் இல்லை, உயிருள்ள கலத்துக்கு வெளியே அது பெருகாது. அதன் வெளிப்போர்வை இலிப்பிட்டு மென்சவ்வு, மீன்குழம்புச் சட்டியின் எண்ணெயைச் சவர்க்காரம் கழற்றுவது போலவே அதையும் கழற்றிவிடும், அவ்வளவு மெல்லியது. அது பரவியது மூச்சுக் காற்றால். அரசாங்கம் 2024 ஜூலையில் இதற்காக மன்னிப்புக் கேட்டது. அந்தக் குடும்பங்களுக்கு அது எதைத் திருப்பிக் கொடுக்கும்? மூலக்கூறு அறிவு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் நான் ஓட்டமாவடியைத்தான் காட்டுவேன்.

இனி ஒரு புது வகை பற்றிய செய்தி வந்தால் என்ன செய்யலாம்? செய்தியில் விகாரத்தின் இலக்கத்தைத் தேடுங்கள். 333 க்கும் 526 க்கும் இடையில் என்றால் 6-எம்-0-ஜே இல் அந்த இலக்கத்தை அழுத்தி, அது ஏசிஈ2 ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். பழகுவதற்கு ஒமிக்ரோனின் 417, 484, 493, 498, 501, 505 ஐ ஒவ்வொன்றாக அழுத்துங்கள், எல்லாம் தொடுகிற முகப்பிலேயே வரிசையாக இருக்கும். டெல்டாவின் 452 சற்றுத் தள்ளி இருக்கும், அது பிறபொருளெதிரிகள் பிடிக்கிற பக்கம். தொடுகிற இடத்தில் இருப்பதால் மட்டும் ஆபத்து கூடிவிடாது. 417 இல் லைசீன் அஸ்பராஜினாக மாறினால் நாம் முதலில் பார்த்த நேர்-மறைப் பிடி போய்விடுகிறது, ஏசிஈ2 ஐப் பிடிப்பது அந்த அளவுக்குத் தளர்கிறது, ஆனால் பிறபொருளெதிரிகள் சிலவற்றுக்குத் தப்ப முடிகிறது. வைரஸுக்கும் இலாபம் ஒரு பக்கம், நட்டம் ஒரு பக்கம். படத்தைப் பார்த்து ஊகிக்கலாம், உறுதிப்படுத்துவது ஆய்வுகூடமும் நோயாளிகளின் தரவும்தான்.

பாடசாலையில் செய்வதென்றால் ஒரு புரொஜெக்டர் போதும். முதல் நாளே வீட்டில் வைஃபையில் கோப்புகளைத் தரவிறக்கி, கைமேராஎக்ஸ் என்ற மென்பொருளைக் கொம்பியூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள், கல்விக்கு இலவசம், இணையம் இல்லாமலே படம் சுழலும். மின்சாரம் இருந்தால் போதும், எந்தக் கிராமத்துப் பாடசாலையிலும் நடத்தலாம். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக விட்டு, ஒருவர் வரிசையை வாசிக்க மற்றவர் படத்தில் தேடும்படி செய்தால் வகுப்பு தானாக ஓடும். கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விஞ்ஞானம் படிக்கிற பழைய மாணவர் யாராவது இருந்தால் ஒரு நாள் கூப்பிடுங்கள், கேள்விகள் உங்களைத் தாண்டிப் போகும்போது உதவியாக இருக்கும்.

கொவிட் முடிந்த பிறகு டெங்குவைத் திறக்கச் சொல்லுங்கள். மாரி மழை தொடங்கினால் நம் வீடுகளில் யாருக்காவது வருகிற நோய் அது. 1-கே-4-ஆர் இல் முழு வைரஸின் கோதும் வரும், ஒரே புரதம் 180 தடவை அடுக்கி மூடிய உருண்டை, ஸ்பைக் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காது. 1-ஓ-கே-ஈ இல் அந்தப் புரதத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம். மரபணுத்தொகுதி 11,000 எழுத்துக்குச் சற்றுக் குறைவு, கொவிட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவு, ஆனால் நான்கு வகை இருப்பதால் வரிசைகளை ஒப்பிடுகிற வேலை கூட. அதை யூனிப்ரொட்டில் அலைன் பண்ணத் தொடங்கும்போது, ஒரு வகைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி மற்ற வகைக்கு ஏன் உதவவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். நான்கு வரிசையையும் அச்செடுத்து, வேறுபடுகிற எழுத்துகளுக்கு நிறம் பூசக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த இலக்கங்களை 1-ஓ-கே-ஈ இல் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.